ஏரி மேல் போட்ட பழி

தென்னேரி ஏரியின் அலைகளைப் பார்த்துத்தான் அந்த முந்தானைக் கோடுகளை வரைந்தேன் என்று என் இறுதியாண்டு ப்ராஜெக்ட் கோப்பில் எழுதியிருக்கிறேன். பொய். சென்னையில் ஒரு கிராஃபிக் கண்காட்சியில் திருடியவை அவை. அப்போது ஏரிக்கரைப் பக்கம் நான் போயே வெகுநாள் ஆகியிருந்தது.

ஜவுளி வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவைக்குப் புதிதாக ஒரு முந்தானை வரைய வேண்டும். அதற்கான எண்ணம் எங்கே பிறந்தது என்றும் எழுத வேண்டும். வகுப்பில் எல்லோரும் மயில், அன்னம், யாளி, ருத்திராட்சம் என்று கோயில் தூணையே சுற்றி வந்தார்கள். எனக்குத் தனித்துத் தெரிய ஆசை. கையில் சரக்கு இல்லாதவனுக்கு அந்த ஆசை வரக்கூடாது.

கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமிக்குப் போய்ப் பார் என்றான் நண்பன். போனேன். சுவர் முழுக்க எட்சிங், லித்தோ, மரச்செதுக்கு அச்சுகள். எட்சிங்குக்கு உலோகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குகிறார்கள். கீறல் அமிலத்தில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. பிறகு மையை அப்பி, துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்தினால்தான் ஒரு படம். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எதன் முன்னாலும் நின்று பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று மட்டும் கவனிக்கிறவனைப் போல, எதை எடுக்கலாம் என்றே சுற்றினேன்.

ஒரு எட்சிங்கில் கோடுகள் மடிந்து மடிந்து இறங்கின. அடியில் பென்சிலால் 4/15 என்று எண், பக்கத்தில் கையெழுத்து. மொத்தம் பதினைந்தே பிரதிகள், இது நான்காவது என்று பொருள். செல்போனில் படம் எடுத்தபோது அந்த அடிப்பகுதி விழாதபடி எடுத்தேன். என்ன செய்யப்போகிறேன் என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை.

வீட்டுக்கு வந்து கிராஃப் தாளில் ஏற்றினேன். கட்டத்துக்குக் கட்டம் நூல் கணக்கு, வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். ஐயம்பேட்டையில் தறி போட்டிருக்கும் சித்தப்பாவிடம், அலை என்று சொல்லிக் காட்டினேன். "240 கொக்கி ஜக்கார்டுல இது ஏறாதுடா, வளைவைக் கொற" என்றார். அட்டை குத்துகிறவனுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார். அப்புறம், "இது எந்த ஊரு அலை? நம்ம ஏரியில காத்தடிச்சா தண்ணி சுருங்கும், இப்படி மடங்காதே" என்று கேட்டார். "அது கலைப் பார்வை சித்தப்பா" என்றேன். அந்த பதிலை நினைத்தால்தான் இப்போதும் காது சுடுகிறது.

அலை போதாதென்று கோப்பில் வரலாறும் சேர்த்தேன். தென்னேரியின் பழைய பெயர் திரையனேரி, தொண்டைமான் இளந்திரையன் காலத்து ஏரி என்பார்கள் என்றெல்லாம் ஒரு பக்கம். கூடவே உத்திரமேரூர்க் கல்வெட்டின் படம் ஒன்று. அதற்கும் முந்தானைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மதிப்பெண் போட்டவர் மண்வாசனை இருக்கிறது என்று பாராட்டினார்.

இத்தனைக்கும் அந்தக் கோடுகளைத் திருட வேண்டிய அவசியமே இல்லை. ஓவியம் தறிக்கு வருவது நம் நாட்டில் புதிதல்ல. 1950களில் புபுல் ஜெயகரின் முயற்சியில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் கே.ஜி. சுப்ரமணியன், பிரபாகர் பார்வே போன்ற ஓவியர்களே வேலை பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் காஞ்சிபுரத்திலேயே அப்படியொரு மையம் இருக்கிறது. ஓவியரைத் தேடிப்போய், உங்கள் கோட்டைப் புடவையில் நெய்யலாமா என்று கேட்டிருக்கலாம். குறைந்தபட்சம் அவர் பெயரை எழுதியிருக்கலாம். எழுதினால் எனக்கென்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும் என்ற பயம். ஒன்றும் மிஞ்சியிருக்காதுதான்.

அந்த ஓவியருக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. போன மாதம் வேலைக்காக ஒரு நேர்முகத் தேர்வு. கோப்பைப் புரட்டியவர் அந்த முந்தானையில் நிறுத்தி, இது எப்படி வந்தது என்று கேட்டார். உண்மையைச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். அறையில் வேறு யாரும் இல்லை. நான் ஏரிக் கதையையே சொன்னேன், முன்பைவிடச் சரளமாக. வேலை கிடைத்துவிட்டது.