கையைக் கட்டி நின்ற டிரைவர்

வணிகவரித் துறையில் இருந்தபோது சில வருடங்கள் கேரள எல்லைச் சோதனைச்சாவடியில் வேலை பார்த்தேன். திருப்பூரிலிருந்து பனியன் பண்டல் ஏற்றி வரும் லாரிகளை ராத்திரியில் நிறுத்துவோம். பில்லில் உள்ள கணக்கும் வண்டியில் உள்ள சரக்கும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி நகராது. பில் போட்ட முதலாளி ஊரில் தூங்குவார். எங்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது டிரைவர்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகளையே எடுத்துவிட்டார்கள்.

அந்த டிரைவர்களை மறுபடி நினைக்க வைத்தவன் என் மகள் வயிற்றுப் பேரன். காதர்பேட்டையில் சின்னக் கடை; டி-சர்ட்டை ஆன்லைனிலும் விற்கிறான். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் ஆடிட்டர் கொடுத்த தாளோடு வந்தான்.

"அப்பிச்சி, விளம்பரத்துக்குக் காசு வாங்கறது வெளிநாட்டுக் கம்பெனி. அதுக்கு ஆறு சதவீதம் வரி நான் எதுக்குங்க கட்டோணும்?"

விளக்கிச் சொன்னேன். அந்தக் கம்பெனிக்கு இங்கே ஆபீஸும் இல்லை, குடோனும் இல்லை. கால் பதிக்காதவனிடம் வருமான வரி கேட்கப் பழைய சட்டத்தில் வழியில்லை. அதனால் 2016 ஜூன் முதல் மத்திய அரசு 'சமன்படுத்தும் வரி' கொண்டுவந்தது. இப்படிப்பட்ட கம்பெனிக்கு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விளம்பரக் காசு கொடுக்கும் வியாபாரி, ஆறு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்ட வேண்டும்.

"எங்கீங்க பிடிக்கறது? கார்டுல முழுசா எடுத்துக்கறாங்களே!" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில் கைக்காசைப் போட்டுத்தான் கட்டினான்.

2020-ல் வெளிநாட்டு ஆன்லைன் விற்பனைக்கும் 2 சதவீதம் போட்டார்கள். அமெரிக்கா நம் பொருட்கள் சிலவற்றுக்குக் கூடுதல் வரி போடுவதாக மிரட்டியது. 2024 ஆகஸ்டில் அந்த 2 சதவீதம் போனது. 2025 ஏப்ரலில் ஆறு சதவீதமும் போனது. வாடிக்கையாளர் இருக்கும் நாட்டுக்கும் லாபத்தில் பங்கு என்று 2021-ல் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் ஒத்துக்கொண்டதும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

பேரனுக்கு நிம்மதி. வரி வாங்கியே சம்பளம் பார்த்த எனக்கு அந்த நிம்மதி முழுதாக வரவில்லை. அவன் கடைக்கு விலாசம் இருக்கிறது. அதனால் அவன் வரி தப்பாது. விலாசம் இல்லாதவனிடம் கேட்க ஒரு வழி செய்யத்தான் வேண்டும். ஆனால், மறுபடியும் டிரைவரைக் கையைக் கட்டி நிற்க வைத்துவிடக் கூடாது.