பதினாறு போதும், தேனு

வடக்குப்பட்டு,
ஞாயிறு மாலை.

அன்புத் தங்கை தேன்மொழிக்கு,

மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல்தான். காலையில் வெறும் டீயோடு வகுப்புக்கு ஓடாதே. இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், அப்புறம் யோசனை சொல்கிறேன். 32 ஜிபி மெமரி உள்ள மெஷின்தான் வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அம்மாவுக்கு ஜிபியைப் பற்றி என்ன தெரியும்? பிள்ளை படிப்புக்குக் கேட்கிறாள் என்பது மட்டும்தான் தெரியும். மறுநாளே செயினைக் கழற்றிக் கூட்டுறவு வங்கியில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். அப்பா போன பிறகு எத்தனை நெருக்கடி வந்தும் அடகுக்குப் போகாத செயின் அது. உன் லேப்டாப்புக்காகப் போக விடமாட்டேன். சீட்டுப் பணம் அடுத்த மாதம் என் கைக்கு வருகிறது. அதில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் எவ்வளவு மெமரி என்பதை நீயும் நானும் சேர்ந்து முடிவு செய்வோம். கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது, உன் ரூம்மேட்டும் கூடாது.

எதிர் வீட்டுப் பையனுக்கு அரசு மடிக்கணினி வந்திருக்கிறது. 8 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்எஸ்டி. அவன் பி.காம். டேலி, எக்ஸல், நாலு பக்கம் திறந்த குரோம், அவ்வளவுதான் அவன் வேலை. அவனுக்கு அது தாராளம். உனக்குப் போதாது. விண்டோஸ் 11 தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் என்றால் திரைக்கான வேலைக்கும் அதே மெமரியிலிருந்துதான் எடுக்கும். அதற்கு மேல் நீ முப்பரிமாணத்தில் வரைகிற சாலிட்ஒர்க்ஸைத் திறந்தால் 8 திணறும். அந்த மென்பொருளே 16 ஜிபியாவது வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆட்டோகேட் மட்டும் என்றால் 8-ல் ஓட்டலாம். நீ அதோடு நிற்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். 2022-ல் நம் ஊரில் தொல்லியல் துறை தோண்டியபோது, கல் கருவியும் சங்ககாலப் பானை ஓடும் எடுத்த குழிகளின் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டில் ஒவ்வொரு ஓட்டையும் மூன்று பக்கமும் வரைந்தவள் நீ. இன்றைக்கு முப்பரிமாணத்தில் வரைகிறாய். அது வளரட்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

அதனால் 16. அதற்குக் குறைந்தால் வேண்டாம். 32 இப்போது வேண்டாம். பெரிய அசெம்பிளி, நுணுக்கமான மெஷ் போட்டு அனாலிசிஸ் என்று வரும்போதுதான் 16 பற்றாமல் போகும். அதற்கு உன் கல்லூரி லேபில் வொர்க்ஸ்டேஷன்கள் இருக்கின்றன, நீயே சொன்னாய். ஃபைனல் இயரில் நிஜமாகவே தேவைப்பட்டால் இன்னொரு 16 சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த "சேர்த்துக்கொள்ளலாம்" என்பதில்தான் எனக்குப் பயம். கடையில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்வார்கள், அப்புறம் ஏற்றிக்கலாம் மேடம் என்று. நான் கம்பெனியில் சர்க்யூட் போர்டு லைனில் நிற்கிறவன். பல மெல்லிய லேப்டாப்களில் மெமரி சிப்பைப் போர்டிலேயே வைத்து, சோல்டர் பேஸ்ட்டோடு அடுப்புக்குள் அனுப்பி ஒட்ட வைக்கிறார்கள். இணைப்புப் புள்ளிகள் எல்லாம் சிப்புக்கு அடியில் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. அதைக் கழற்றிப் பெரிய சிப் வைப்பது கடைத்தெருவில் நம்பிக் கொடுக்கிற வேலை இல்லை. சில புது இன்டெல் மாடல்களில் மெமரி பிராசஸர் பொதிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வாங்கிய அன்று என்ன இருந்ததோ, கடைசி வரை அதேதான். நீ அனுப்பிய பட்டியலில் மூன்றாவதாக இருக்கிறதே, எடை குறைவு, நிறம் அழகு என்று எழுதியிருந்தாயே, அது அப்படிப்பட்டது. அதை அடித்துவிடு.

கடையில் டெமோ மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திற. பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். சோடிம் என்றிருந்தால் கழற்றி மாட்டுகிற ஸ்டிக். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் ஒட்டியது. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். ஒரே 16 ஸ்டிக், பக்கத்தில் ஒரு காலி ஸ்லாட், அப்படி ஒன்று கிடைத்தால் விடாதே. எட்டும் எட்டுமாக இரண்டு ஸ்டிக் இருந்தால் கிராபிக்ஸ் கொஞ்சம் வேகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் பிறகு 32 ஆக்க வேண்டுமென்றால் இரண்டையும் தூக்கிப் போட வேண்டிவரும். நமக்கு அது கட்டுப்படியாகாது.

512 ஜிபி எஸ்எஸ்டி என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. அது குதிர். நான் பேசிக்கொண்டிருக்கும் மெமரி, நெல் காய வைக்கிற களம். குதிரில் எவ்வளவு நெல் இருந்தாலும் களம் சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் அவ்வளவுதானே காய வைக்க முடியும்? களம் போதாதபோது விண்டோஸ் பாதியை எஸ்எஸ்டியில் கொண்டு போய் வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். நீ மவுஸை அசைத்துவிட்டுக் காத்திருப்பாய். சேவ் செய்யாத டிராயிங் போய்விட்டால் அழுவாய்.

காத்திருந்தால் விலை குறையும் என்று நினைக்கிறாயா? முன்பெல்லாம் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். 2025 கடைசியிலிருந்து நிலைமை வேறு, விலை ஏறத் தொடங்கிவிட்டது. உலகத்துக்கு மெமரி செய்து கொடுப்பது பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் மூன்றும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. ரிட்சி தெருக் கடைகளில் நாம் பேர் சொல்லிக் கேட்டு வாங்கிவந்த க்ரூஷியல் ஸ்டிக் இருக்கிறதே, அந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் 8 ஜிபி மெஷினை மலிவாக வாங்கி, ரிட்சி தெருவில் இன்னொரு எட்டு போட்டுக்கொள்ளலாம் என்கிற பழைய கணக்கு இப்போது உதவாது. 16-ஐ மெஷினோடு வாங்குவதுதான் லாபம். பட்ஜெட் இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்கு. மெமரியில் இறங்காதே.

வேறு செய்தி என்றால், வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் ஷிப்ட் முடிகிற நேரம் கம்பெனி பஸ் நெரிசல் இன்னும் மோசமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அம்மா தூங்கிவிடுகிறாள். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று நீ போனில் ஒரு தடவை கேள். நான் கேட்டால் கோபம்தான் வருகிறது.

பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த டாஸ்க் மேனேஜர் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் போன் கையில் இருக்கும். நான் பார்த்துப் பதில் சொல்லும் வரை கார்டைத் தேய்க்காதே. நோ காஸ்ட் இஎம்ஐ என்று எதிலும் கையெழுத்துப் போடாதே. பில்லில் மாடல் எண் முழுசாக இருக்கிறதா, பின்னால் ஸ்டிக் மாட்டினால் வாரண்டி போகுமா, இரண்டையும் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அண்ணன்