ஆடுபவளின் பாதத்தைப் பார்த்து விழும் அடி

டக்கார், செனகல்



ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்கு முனையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் டக்கார் நகரின் இரவுகளை ஆளும் இசைக்கு ம்பலாக் என்று பெயர். கித்தார், கீபோர்டு, சாக்ஸஃபோன் எல்லாம் சேர்ந்த நவீன மெல்லிசை அது. ஆனால் வொலோஃப் மொழியில் அச்சொல் முதலில் குறித்தது, சபார் என்னும் முரசுக் குழுவில் தலைமைக் கலைஞர் வாசிக்கும்போது அடியில் விடாமல் ஓடும் துணைத் தாளத்தை மட்டுமே. துணையாக நின்ற தாளத்தின் பெயரே ஒரு நாட்டின் இசைக்குப் பெயரான கதையை, சபாரை அறியாமல் விளங்கிக்கொள்ள இயலாது.

மரத்தைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்தி, மரமுளைகளால் இறுக்கப்படும் சபாரை ஒரு கையில் மெல்லிய குச்சியும் மறுகை வெறுங்கையுமாக வாசிக்கிறார்கள். வெறுங்கை அடி கனத்து ஒலிக்க, குச்சியடி சுள்ளென்று தெறிக்கும். வாசிப்போர் கெவெல் எனப்படும், குலவரலாறும் புகழும் பாடுகிற பரம்பரைக் கலைஞர்கள். நீண்ட தாளக் கோவைகளைச் சொற்கட்டாக வாயால் சொல்லியே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். தாளங்களுள் ஒன்றுக்கு, நாடே விரும்பி உண்ணும் மீன்சோறான செபு ஜென் என்பதே பெயர்.

தெருவை மறித்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடக்கும் சபார் ஆட்டத்தில் பெரும்பாலும் பெண்களே கூடுகிறார்கள். ஒருத்தி சட்டென்று எழுந்து முரசுகளின் முன் பாய்ந்து, உடுத்திய துணியைச் சற்றே தூக்கிப் பிடித்து, முழங்காலை உயர்த்தித் துள்ளுகிறாள். தலைமை முரசர் அவள் கால்களை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கடைசித் துள்ளலில் பாதம் மண்ணைத் தொடும் கணமும் குச்சி தோலைத் தொடும் கணமும் ஒன்றாக வேண்டும். சில நொடிகளில் அவள் சிரித்துக்கொண்டே இருக்கைக்கு ஓட, அடுத்தவள் எழுகிறாள். இங்கே தாளத்தை நடத்துபவள் ஆடுபவளே என்பதுதான் இக்கலையின் பேரழகு.

1914இல் பிளேக் பரவியபோது, நகரின் மையத்திலிருந்து அகற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களுக்கென்று பிரெஞ்சு ஆட்சி உருவாக்கிய மெதினா என்னும் குடியிருப்பில்தான் நவீன ம்பலாக் வளர்ந்தது. 1960இல் நாடு விடுதலை பெற்ற காலத்தில் அங்கிருந்த மியாமி கிளப்பின் ஸ்டார் பேண்ட் குழு வாசித்தது பெரும்பாலும் கியூப இசை. பாடகர்கள் பொருள் அறியாமலேயே ஸ்பானிய மொழியில் பாடியதும் உண்டு. அடிமைக் கப்பல்களில் கடல் கடந்த ஆப்பிரிக்கத் தாளம் இசைத்தட்டுகளில் வீடு திரும்பியதால், அது அவர்களுக்கு அந்நியமாகப் படவில்லை. 1970களில் வொலோஃப் பாடல்களும் சபாரும் மேடையேறின. அக்குளில் இடுக்கி, கயிறுகளை அழுத்தி உடுக்கையைப் போலச் சுருதி மாற்றும் தமா என்னும் சிறு முரசும் உடன் வந்தது. மெதினாவில் 1959இல் கெவெல் மரபில் வந்த தாய்க்குப் பிறந்த யூசு ந்தூர், முதலில் எத்வால் த டக்கார் குழுவிலும் பின்னர் சூப்பர் எத்வால் குழுவிலும் இவ்வடிவத்துக்கு முழுமை தந்தார். 1994இல் அவரை உலகமெங்கும் கொண்டுசென்ற ‘7 செகண்ட்ஸ்’ பாடல் ம்பலாக் அன்று என்பதால், அதை மட்டும் கேட்டவர்கள் அவருடைய உண்மையான ஆற்றலைக் கேட்டவர்கள் ஆகார்.

அவ்வாற்றலின் நுட்பம் இசைக்கருவிகள் கற்றுக்கொண்ட பணிவில் உள்ளது. அவர் குழுவின் ஹபீப் ஃபாய், யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டில் மரிம்பா என்னும் மரக்கட்டைக் கருவியின் ஒலியை எடுத்து, இரு கைகளும் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுமாறு வாசித்து, துணைமுரசின் வேலையைக் கீபோர்டுக்குக் கொடுத்தார். கித்தாரும் மீட்டலைக் குறைத்துத் தட்டலைக் கூட்டியது.

இன்றும் டக்காரின் இசையரங்குகளில் பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து முரசுகள் முன்னே வருகின்றன. கூட்டத்திலிருந்து ஒருத்தி மேடையேறி நிற்க, தலைமை முரசரின் பார்வை அவள் பாதங்களுக்கு இறங்குகிறது.