"கேஸ் போயோ மோனே?"

மாற்றலாகி கிழக்கேகோட்டை கிளைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, மலையாளமும் ஓரளவு பேச வந்துடுச்சு. ஆனா இந்த மூணு வார்த்தைக்கான பதிலுக்காக நாள்கணக்கா காத்துக் கிடப்பேன்னு நினைச்சதே இல்லைங்க.

2023 ஜூன், ஸ்கூல் திறந்த வாரம். ஒன்பது வயசுப் பையனுக்கு வயித்துவலி. சாலைக் கடைவீதியில வாங்கித் தின்னது ஏதோ ஒத்துக்கலைன்னு ஒரு நாளை ஓட்டிட்டோம். நாங்க பண்ணின தப்பு அதுதான். குடல்வால் உள்ளேயே வெடிச்சு சீழ் பரவியிருச்சு. ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன்.

அது நல்லபடியா முடிஞ்சது. அதுக்கப்புறம்தான் காத்திருப்பு. தினம் காலையில சர்ஜன் வந்து வயித்துல ஸ்டெத் வச்சுக் கேட்டுட்டு, "கேஸ் போயோ மோனே?"ம்பார். பையன் இல்லைன்னு தலையாட்டுவான். அன்னைக்கும் தண்ணி கிடையாது. மூக்குல டியூப், கையில டிரிப். "அப்பா, ஒரே ஒரு சொட்டுப்பா"ன்னு அவன் கெஞ்ச, லட்சக்கணக்குல கடனுக்குக் கையெழுத்துப் போடுற எனக்கு ஒரு ஸ்பூன் தண்ணி கொடுக்க அதிகாரமில்லை.

வயித்தைத் திறந்தா குடல் கொஞ்ச நாள் வேலைநிறுத்தம் பண்ணும். கை பட்டது, வீக்கம், மயக்க மருந்து, மார்ஃபின் வகை வலி மருந்து எல்லாம் சேர்ந்து அசைவை அடக்கிடும். பொதுவா சிறுகுடல் முதல்ல முழிச்சுக்கும், இரைப்பைக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், பெருங்குடல்தான் மூணாம் நாள் வரைக்கும் சோம்பல் முறிக்கும். இப்பல்லாம் நிறைய ஆபரேஷனுக்கு இவ்வளவு காக்க வைக்கிறதில்லை. எங்க பையன் வயித்துல சீழ் இருந்ததால டாக்டர் அவசரப்படலை.

ஊர்ல இருந்து அம்மா போன்ல, "விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் கொடுடா"ன்னு அழுகை. பக்கத்து வீட்டுச் சேட்டன், 1956-ல இருந்து இங்கே இருக்கிற சி.வி.என். களரியைச் சொல்லி, மர்ம வைத்தியம் கேட்டுப் பாக்கலாமேன்னார். தையல் போட்ட வயித்தை யார் கையிலயும் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. மூணாவதா மச்சினன். சென்னையில அக்குபஞ்சர் படிச்சவன். "மாமா, வயித்தைத் தொடவே வேண்டாம். முழங்காலுக்குக் கீழ ஒரு இடத்தை அமுக்குங்க, போதும்"னான்.

சும்மா இருப்பேனா, ராத்திரி முழுக்கப் படிச்சேன். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971 ஜூலையில பீக்கிங் போன இடத்துல அவருக்கும் இதே குடல்வால் ஆபரேஷன்! ஊசி குத்தியே மரத்துப்போக வச்சு அறுத்தாங்கன்னு பலபேர் இன்னும் சொல்றாங்க. தப்பு. மரத்துப்போக வச்சது சாதாரண மருந்துதான். அப்புறம் வயிறு உப்பி அவஸ்தைப்பட்டப்போதான் முழங்கையிலயும் ரெண்டு முழங்காலுக்குக் கீழயும் ஊசி போட்டு, வயித்துக்கிட்ட மூலிகைப் புகையும் காட்டினாங்க. ஒரு மணி நேரத்துல உப்புசம் தளர்ந்ததுன்னு நியூயார்க் டைம்ஸ்ல அவரே எழுதினார்.

ஒருத்தர் கதை சாட்சி ஆகாது. ஹாங்காங்கில் பெருங்குடல் புற்றுநோய்க்குத் துளைவழி ஆபரேஷன் பண்ணின 165 பேர்கிட்ட, மின்சாரம் பாய்ச்சின ஊசியை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2013-ல வெளியிட்டிருக்காங்க. ஊசி போட்டவங்களுக்கு சராசரியா 86 மணி நேரத்துல மலம் போச்சு, போடாதவங்களுக்கு 122 மணி. ஆனா அவங்க எல்லாரும் பெரியவங்க. குழந்தைகள் விஷயத்துல சான்று இதைவிட ரொம்பக் கம்மி, விரலால அமுக்குறதுக்கு இன்னமும் கம்மி.

காலையில சர்ஜன்கிட்டயே கேட்டேன். சிரிச்சார். "காலில் செய்தோளூ. வயிற்றில் தொடரது, வாயில் ஒன்னும் கொடுக்கரது." பச்சையா வாந்தி, காய்ச்சல், வயிறு கூடுதலா உப்பினா உடனே சொல்லணும், அமுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதுன்னார்.

முட்டிச்சில்லுக்குக் கீழ நாலு விரல், முன்னெலும்புல இருந்து வெளிப்பக்கமா ஒரு விரல் தள்ளி. அளக்க வேண்டியது பையனோட விரலால, நம்ம விரலால இல்லை! மச்சினன் வீடியோவுல பாத்துத் திருத்தினான். காலுக்கு ரெண்டு ரெண்டு நிமிஷம், நாளைக்கு மூணு நாலு தடவை. ஊசின்னாலே அலறுற பையன் இதுக்குக் காலை நீட்டிட்டான். "அப்பா, கூசுது"ன்னு ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையா சிரிச்சான். நடுவுல நர்ஸ் சொன்னபடி வராந்தாவுல மெல்ல நடக்கவும் வச்சோம்.

நாலாம் நாள் விடியக்காலை ஒரு சத்தம். வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் கேக்கிற வரைக்கும் பொறுக்காம, வாசல்ல அவர் தலை தெரிஞ்சதுமே "போயி சாரே!"ன்னு கத்தினான் பையன். அன்னைக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி, சாயங்காலம் கஞ்சித்தண்ணி.

மூணாம் நாளோ நாலாம் நாளோ குடல் தானாவே முழிச்சிருக்கும்னு எனக்குத் தெரியும். மருந்து, நடை, அமுக்கல்னு எந்தக் கணக்குல இந்த வரவை வைக்கிறது? மச்சினன் தன் கணக்குன்னு சொல்லிட்டுத் திரியறான். வீட்டுக்காரம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்கு 11 தேங்காய் வேண்டியிருந்தாங்களாம். டிஸ்சார்ஜ் ஆன ஞாயித்துக்கிழமை அதை உடைக்கப் போனோம். பையன் ஆட்டோவுலயே உக்காந்து எண்ணினான். பத்துதான் உடைஞ்சுதாம், இன்னொண்ணு வாங்கிட்டு வரச் சொல்லிட்டான்.