அம்மாவின் மூன்று நாள் கணக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

"மாத்திரை கேட்குதுக்கா, அம்மா இப்போ அடிக்கடி ஒண்ணுக்கு எழுந்திருக்கிறதில்லை" என்று நீ போனில் சொன்னதும் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்று கேட்டேன்; உனக்குத் தெரியவில்லை. அதுதான் இடிக்கிறது. சேலை நனைந்துவிடுமோ என்று கூசுகிறவர்கள் முதலில் குறைப்பது தண்ணீரைத்தான். வார்டில் தினமும் பார்க்கிறேன். குடிப்பது குறைந்தால் போவதும் குறையும். பேர் மாத்திரைக்குப் போய்விடும்.

மாத்திரை தொடங்கும் முன் நான் எழுதிய நோட்டு அலமாரியில் இருக்கும். பகலில் 11 தடவை, ராத்திரி 4. ஒரு தடவைக்கு 80, 100 மில்லிதான். அன்று அளந்த அதே மக்கில் மறுபடி மூன்று நாள் அளந்து எழுது. நேரம், அளவு, அடக்கமுடியாமல் ஓடினாளா, நனைந்ததா, என்ன குடித்தாள், எல்லாம். தடவை குறைந்து அளவு 150, 200 என்று ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. சொட்டுச் சொட்டாகப் போய் அடிவயிறு உப்பியிருந்தால் அது குணமில்லை, உள்ளே தேங்கி நிற்கிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

அம்மா சாப்பிடும் சோலிஃபெனாசின் சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடாமல் தடுக்கிற மருந்து. எச்சிலையும் குடலையும்கூட அது விட்டுவைக்காது. வாய் வறளுதா என்று கேட்டால் "ஒண்ணுமில்லடி" என்பாள். கேட்காதே, பார். இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டுத்தான் விழுங்குகிறாளா? பேச்சுக்கு நடுவே நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறதா? மலம் இறுகினாலும் சொல்லமாட்டாள். அது பையை அழுத்தினால் பழைய அவசரம் திரும்பி வரும். மருந்து போதவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இன்னொன்று, அரிப்புக்கு அவள் தானாகப் போட்டுக்கொள்ளும் அவில். அதுவும் இதே வறட்சியைத் தருகிற ஜாதிதான். இரண்டும் சேர்ந்தால் இந்த வயதில் புத்தி தடுமாறலாம். உன்னை என் பேர் சொல்லிக் கூப்பிடுவது பழைய பழக்கம், அதை விடு. பட்டப்பகலில் விளக்கேற்றச் சொன்னால் உடனே எனக்குப் போன் பண்ணு. கண் சிவந்து வலித்தாலும் தாமதிக்காதே.

முழுப் பலன் தெரிய நாலு வாரமாவது வேண்டும், நீயாக நிறுத்திவிடாதே. ஒத்துக்கொள்ளாவிட்டால் மிராபெக்ரான் என்று வேறு மாத்திரை இருக்கிறது. வாய் அவ்வளவு வறளாது, ஆனால் பிரஷர் ஏறலாம். அதனால் பிரஷரையும் இப்போதே நோட்டில் குறித்து வை.

டாக்டரிடம் போகும்போது நோட்டையும் அந்த அவில் அட்டையையும் மறக்காமல் கொண்டு போ.

அன்புடன்,
அக்கா