பாக்ஸ்டர் வாங்கப் போகும் தம்பிக்கு

ஸ்டுட்கார்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் பார்த்தேன். ஒன்று 2014 மாடல் போர்ஷே பாக்ஸ்டர்: 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. இன்னொன்று 2017 மாடல் 718 பாக்ஸ்டர்: 2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ உண்டு. இரண்டும் மேனுவல் கியர், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "தினமும் ஓட்ட எது நல்லது அக்கா?" என்று கேட்டிருந்தாய். பழையதை வாங்கு. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காகிதத்தில் இருக்கிற கணக்கெல்லாம் எனக்கு எதிராக நிற்கிறது. அதைப் பார்த்தால் நாளைக்கே உன் மனசு மாறும்.

அந்தக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய காரில் 265 பிஎஸ் சக்தி. டார்க் 280 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500-லிருந்து 6,500 ஆர்பிஎம் வரைக்கும்தான். புதிய காரில் 300 பிஎஸ், 380 நியூட்டன் மீட்டர், அது 1,950 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. அதாவது நூறு நியூட்டன் மீட்டர் கூடுதலாக, 2,500 சுற்று முன்னாலேயே. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பழையதற்கு 5.8 விநாடி, புதியதற்கு 5.1. பெட்ரோலும் புதியதுதான் குறைவாகக் குடிக்கும். ஊருக்குள் என்ஜின் பெரும்பாலும் 1,500-க்கும் 3,500-க்கும் நடுவில்தான் சுற்றும் என்பதால், தினசரி ஓட்டத்துக்கு டர்போதான் சரி என்று எவரும் சொல்வார்கள். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதியைச் சொல்ல, டர்போ எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். டர்போ இல்லாத என்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தாலேயே உள்ளே வந்து நிரம்புகிறது. நீ ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் திராட்டில் திறக்கும், காற்று பாயும், அவ்வளவுதான். டர்போவில் சைலன்சருக்குப் போகும் புகைதான் ஒரு சிறு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் சேர வேண்டுமானால் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்ட வேண்டும். அது வேகமெடுக்கப் புகை வேண்டும், அதிகப் புகை வர அதிகக் காற்று வேண்டும், அதிகக் காற்று வர அது வேகமெடுக்க வேண்டும். வட்டி முதலோடு சேர்ந்து அடுத்த வட்டியைக் கூட்டுவது போல, நீ காலை அசைக்காமல் வைத்திருந்தாலும் இழுவை கூடிக்கொண்டே போகும்.

டர்போவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் தாமதத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது வேறொன்று. டர்போ இல்லாத என்ஜினுக்கு ஞாபகம் கிடையாது. 3,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை மூன்றில் ஒரு பங்கு அழுத்தினால், இன்றைக்கும் அதே இழுவை, நாளைக்கும் அதே இழுவை. டர்போ என்ஜினுக்கு ஞாபகம் உண்டு. போன விநாடி நீ காலை எடுத்திருந்தாயா, அழுத்தியிருந்தாயா என்பதைப் பொறுத்து அதே ஆர்பிஎம்மில், அதே அழுத்தத்துக்கு, வேறு பதில் கிடைக்கும். சக்கரம் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால் ஒரு பதில், தளர்ந்திருந்தால் இன்னொன்று.

அதனால்தான் டர்போ முதலில் நிலைத்த இடங்களெல்லாம் சுமை மாறாத இடங்கள். சுவிட்சர்லாந்து என்ஜினியர் ஆல்ஃபிரெட் பூக்கி இதற்குக் காப்புரிமை வாங்கியது 1905-ல். அது நடைமுறைக்கு வந்ததோ 1920-களில், ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் என்ஜின்களில். கப்பல் ஒரே வேகத்தில் நாள் முழுக்கப் போகும். அதற்குப் பிறகு லாரிகள். திம்பம் கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய லாரி ஏறும்போது ஒரு விசில் சத்தம் வருமே, நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டது, அது டர்போதான். பதினைந்து டன்னை இழுத்துக்கொண்டு ஏறுகிற என்ஜினுக்கு டர்போ ஒரு வரப்பிரசாதம். ஆட்டோபானில் நாள்தோறும் நூற்றைம்பதில் போகிறவனுக்கும் அப்படியே.

உன்னுடைய நாள் அப்படிப்பட்டதா? பாஸிங்கில் வீடு, கார்ஷிங்கில் ஆபீஸ், நடுவில் மிட்லரர் ரிங் வட்டச்சாலையின் சுரங்கங்களும் சிக்னல்களும். வார இறுதியில் கோகெல்ஸேயிலிருந்து கெஸ்ஸல்பெர்க் ஏறி வால்ஷென்ஸே வரை போய் வருவாய். இரண்டிலும் உன் கால் சும்மா இருக்காது. கொஞ்சம் அழுத்து, எடு, மறுபடி அழுத்து, வளைவில் லேசாக விடு, வெளியே வரும்போது கொடு. ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்டுவது என்பதே இந்தச் சின்னச் சின்ன அசைவுகள்தான், தம்பி. உச்ச சக்தியை நீ மாதத்தில் ஒரு முறை கேட்டாலே அதிகம். இந்தச் சின்ன அசைவுக்கு என்ஜின் என்ன பதில் சொல்கிறது என்பதை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பாய்.

என் வேலையே இதுதான் என்பது உனக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரை இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு டார்க் என்ற அட்டவணைகளோடுதான் என் பகல் போகிறது. இன்றைய கார்களில் மிதிக்கும் திராட்டிலுக்கும் நடுவில் கேபிள் இல்லை. நீ ஒரு கோரிக்கை வைக்கிறாய், கம்ப்யூட்டர் அதை நிறைவேற்றுகிறது. 718-ல் இதை எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் ஆச்சரியப்படுவாய். நீ பாதி மிதியில் போய்க்கொண்டிருக்கும்போதே டர்போவின் புறவழி வால்வை மூடி, தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, திராட்டிலைச் சற்று அதிகம் திறந்து வைத்துவிடுகிறது. இழுவை உனக்கு மாறாது, ஆனால் உள்ளே அழுத்தம் தயாராகிக்கொண்டிருக்கும். நீ சட்டென்று அழுத்தினால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடும். ஸ்போர்ட் மோடில் நீ காலை எடுத்த பிறகும் திராட்டிலைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்து, பெட்ரோலை மட்டும் நிறுத்தி, சக்கரம் தளராமல் பார்த்துக்கொள்கிறது. இதைச் செய்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1974-ல் பாரிஸ் கண்காட்சியில் முதல் 911 டர்போ வந்தபோது இதில் எதுவும் இல்லை. கீழே ஒன்றும் வராது, பிறகு எல்லாம் ஒரேயடியாக வரும், அது வளைவின் நடுவில் வந்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் கதையை வைத்து இன்றைய டர்போவை மட்டம் தட்டுகிறவர்கள் புதிய கார் ஒன்றையும் ஓட்டிப் பார்க்காதவர்கள்.

ஆனாலும் இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? டர்போ இல்லாத என்ஜின் இயல்பாகச் செய்வதை ஒத்திருக்கத்தானே. மழை பெய்து நனைந்த வளைவில், நான் கொடுத்த அளவுக்குத்தான் இழுக்கிறது என்ற நம்பிக்கை எனக்குப் பழைய 2.7-ல் முழுசாக இருக்கிறது. 718-ல் கொஞ்சம் காத்திருந்து பார்க்கத் தோன்றுகிறது. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

2.7-ன் குறையையும் கேள். கியர்களின் விகிதம் மிக நீளம். இரண்டாம் கியரிலேயே நூறைத் தாண்டிவிடும். ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் எல்லையே நூறுதான். ஆக இந்த என்ஜின் பாட ஆரம்பிக்கிற 5,000-க்கு மேலே நீ போகக்கூடியது முதல் இரண்டு கியரில் மட்டும். மூன்றாம் கியரில் எழுபதில் போனால் 3,000 சொச்சம்தான் இருக்கும், அங்கே அது அமைதியாகத்தான் இருக்கும். முன்னால் ஒரு டிராக்டர் போனால் 718-க்காரன் நாலாம் கியரிலேயே அழுத்திக் கடந்துவிடுவான். நீ இரண்டு கியர் இறங்க வேண்டும். கிளட்சை மிதித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, சுற்றைச் சேர்த்து, கியரைப் போட்டுக் கடப்பது சிலருக்கு வேலை. உன்னை எனக்குத் தெரியும், அதற்காகவே நீ அந்தச் சாலைக்குப் போவாய்.

உயரத்திலும் டர்போவுக்குத்தான் வெற்றி. கிராஸ்குளோக்னர் சாலையின் உச்சி 2,504 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், 265 பிஎஸ் ஏறக்குறைய 210-ஆக இறங்கும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். அடிக்கடி ஆல்ப்ஸ் கணவாய்களுக்குப் போவதாக இருந்தால் இதை யோசித்துக்கொள்.

சரி, இவ்வளவு நல்ல ஆறு சிலிண்டரை ஏன் விட்டார்கள் என்று கேட்பாய். ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டுக்கு 2015-ல் எட்ட வேண்டிய சராசரியாகக் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்ற வரம்பு வைத்தது, அடுத்த இலக்கு 95. அன்றைக்கு இருந்த ஆய்வகச் சோதனையில் காரை மிக மெதுவாகத்தான் முடுக்குவார்கள். அப்படி ஓட்டினால் சின்ன என்ஜினும் டர்போவும் சேர்ந்தது குறைவாகவே குடிக்கும். நிஜச் சாலையில் உற்சாகமாக ஓட்டினால் அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். 2016-ல் 718 வந்ததும் அதன் நாலு சிலிண்டர் சத்தத்தைப் பற்றி எழாத புகார் இல்லை. 2019-ல் 718-ன் ஸ்பைடர், ஜிடி4 வகைகளிலும், 2020-ல் ஜிடிஎஸ் வகையிலும் 4 லிட்டர் ஆறு சிலிண்டரை டர்போ இல்லாமலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். அது 400 பிஎஸ்ஸுக்குக் குறையாது, உன் பணத்துக்கு எட்டாது. ஆனால் செய்தவர்களே எங்கே திரும்பிப் போனார்கள் என்பதைக் கவனி.

டொயோட்டாவும் டர்போ பக்கம் போகவில்லை. முதல் 86 காரில் 2 லிட்டர் என்ஜின், 205 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,400-க்கு மேலே. நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, டர்போ வையுங்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். 2021-ல் அடுத்த தலைமுறை வந்தபோது டர்போ வைக்காமல் என்ஜினை 2.4 லிட்டராக்கினார்கள். 250 நியூட்டன் மீட்டர், 3,700 ஆர்பிஎம்மிலேயே. எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது. தினசரிக்குக் கீழே இழுவை வேண்டுமென்றால் சிசியைக் கூட்டினாலும் கிடைக்கும், அதற்கு மிதியின் நேர்மையை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்பாதே, இரண்டையும் ஓட்டிப் பார். ஆனால் விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "ஒரு அழுத்து அழுத்துங்க" என்பார், அதைச் செய்யாதே. முழுசாக அழுத்தினால் 718 உன் முதுகை சீட்டோடு தள்ளும், அந்த நிமிடமே முடிவெடுத்துவிடுவாய். ஸ்போர்ட் மோடை அணைத்துவிடு. மூன்றாம் கியரில் அறுபதில் வைத்து, மிதியை நகக்கண் அளவு கூட்டிக் குறைத்துப் பார். பிறகு ஒரு வளைவுக்கு முன் காலை முழுசாக எடுத்து, இரண்டு விநாடி விட்டு, கால்வாசி கொடுத்துப் பார். கார் உன் காலோடு வருகிறதா, உன் காலுக்குப் பின்னால் வருகிறதா என்று கவனி. என்ஜின் சூடாகாதபோது அடித்தள பார்க்கிங்கிலிருந்து மேலே ஏறும் சரிவிலும் இதைச் செய்து பார். தினமும் காலையில் நீ ஓட்டப்போவது அந்தச் சரிவில்தான்.

இன்னொன்று. பழைய பாக்ஸ்டர்களில் இடைத்தண்டு பேரிங் உடையும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். அது 2008 வரைக்கும் வந்த என்ஜின்களின் கதை. நீ பார்க்கிற என்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. அதைவிட டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் இருக்கும் வாரத்தையும் ஆண்டையும் பார். பழைய டயர் கல்லாக இறுகிப்போய், நல்ல காரையும் மோசமாகக் காட்டும். சர்வீஸ் புத்தகத்தில் பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பார். மேற்கூரையை இரண்டு முறை மடக்கி விரித்துக் காட்டச் சொல்.

உன் மாமா 718-க்குத்தான் ஓட்டுப் போடுகிறார், கடிதத்தில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். 2014 வண்டியை என்றைக்குப் பார்க்கப் போகிறாய் என்று சொல். சனிக்கிழமை என்றால் காலை ரயிலில் நானும் வந்துவிடுகிறேன், அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று நானே குனிந்து பார்க்க வேண்டும். அதுவரைக்கும் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அக்கா