காவலும் தளமும்

இடப்பெயர்வு பற்றிய ஆய்வேட்டுக்காக முதியவர் சிலர் என்னை நம்பிக் கூறியவை, பழைய மடிக்கணனியொன்றிலே ஒலிப்பதிவாக உள்ளன. தம் பெயர் வெளிவரலாகாது என வேண்டியோரும் அவருள் உளர். நச்சுநிரற் காப்பு மென்பொருளொன்றை நிறுவினாற் போதும் என்பர் நண்பர். காவலைத் தளத்தினின்றும் பிரித்து விலைக்கு வாங்கலாம் என்னும் இக்கருத்து எனக்கு உடன்பாடன்று.

2018 ஜனவரியில் வெளிப்பட்ட ‘மெல்ட்டவுண்’ குறைபாட்டை நோக்குக. இன்ரெல் செயலிகள், வேகத்தின்பொருட்டு, அனுமதியுண்டா எனத் தீர்மானிக்குமுன்னரே அடுத்த கட்டளைகளைச் செய்துபார்த்தன. அனுமதியற்ற செயலின் விளைவு பின்னர் கைவிடப்பட்டது. ஆயின் அதன் சுவடு இடைநினைவகத்திலே தங்கிற்று. எவ்விடத்துத் தரவு விரைந்து கிடைக்கின்றது என நேரத்தை அளந்தே, இயங்குதளம் மறைத்துவைத்ததைச் சாதாரண நிரலொன்று அறிய முடிந்தது. மேலே நின்ற காப்பு மென்பொருளின் கண்ணுக்கு இஃது எளிதிற் புலப்படுவதன்று. (வேகத்தைக் கேட்டவர் நாமே என்பதும் உண்மை.) பரிகாரமும் இயங்குதளத்தைத் திருத்தியே, சில பணிகளில் அவ்வேகத்தை இழந்தே, பெறப்பட்டது.

என் கணனியின் விண்டோஸ் 10க்கோ வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவுற்றது. அதன்மேல் எக்காவலனை நிறுத்தினும், அடித்தளத்து ஓட்டையை அவன் அடைக்கமாட்டான். ஆதலால் இணையத்தைத் துண்டித்தே அப்பதிவுகளைக் கேட்டெழுதி வருகின்றேன். பெயர் நீக்கிய அத்தியாயங்கள் மட்டும் பென் டிரைவில் நூலகக் கணனிக்குச் செல்கின்றன.